மண்டையோட்டு மோதிரமும் ஒரு மலிவுத் தொடரும்



நான் வழக்கமாக ஒலிவாங்கிக்கு முன்னால் வருவது யூன் மாதத்தில்தான். நிதியாண்டு முடியப் போகிறது, பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேச வேண்டியவருக்குத் தடிமன் பிடித்துக் குரல் அடைத்துவிட்டது. அந்த இடத்தை நிரப்பும்படி என்னைக் கேட்டார்கள். அன்று காலைதான் மேசை லாச்சியைத் துப்புரவு செய்தபோது மகனின் பழைய மோதிரம் ஒன்று அகப்பட்டிருந்தது. மண்டையோடு பொறித்த விளையாட்டு மோதிரம். அதை வைத்துப் பத்து நிமிடம் பேசினேன். நிகழ்ச்சி முடிவதற்குள் ஏழு அழைப்புகள் வந்துவிட்டன. வருமான வரி பற்றிப் பேசி ஒருநாளும் எனக்கு ஏழு அழைப்புகள் வந்ததில்லை.

ரூங்காபியிலிருந்து ஓர் அம்மா, "தம்பி, நாங்கள் சின்னனிலை வேதாளன் எண்டு வாசிச்சது இவரைத்தானோ?" என்று கேட்டார். வென்வேர்த்வில் அண்ணை ஒருவர், "மாயாவி வேறை, இரும்புக்கை மாயாவி வேறை. ரெண்டையும் போட்டுக் குழப்பாதையும்" என்று கண்டித்தார். அந்தப் பேச்சை விரிவாக எழுதித் தரும்படி இந்த மடலுக்குப் பொறுப்பானவர்கள் கேட்டதால் இந்தக் கட்டுரை. முகமூடி அணிந்த அந்த மனிதரின் வரலாற்றையும், அவரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்து கெடுத்த கதையையும், அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பதையும் இதில் சொல்கிறேன்.

யார் இந்த முகமூடிக்காரர்?

ஆங்கிலத்தில் அவர் பெயர் ஃபான்டம். 1936 பெப்ரவரி 17ஆம் திகதி அமெரிக்கப் பத்திரிகைகளில் தினசரிச் சித்திரக்கதையாகத் தொடங்கினார். எழுதியவர் லீ ஃபால்க். அவர் ஏற்கனவே 1934இல் மந்திரவாதி மாண்ட்ரேக்கை உருவாக்கியவர். முதலில் படம் வரைந்தவர் ரே மூர். சுப்பர்மான் வந்தது 1938இல், பற்மான் வந்தது 1939இல். உடலோடு ஒட்டிய உடுப்பும் முகமூடியும் போட்ட வீரர்களில் நம்மவர் அவர்களுக்கு மூத்தவர்.

அவருக்கு அமானுஷ்ய சக்தி எதுவும் கிடையாது. பறக்க மாட்டார், சுவரில் ஏற மாட்டார். சுட்டால் சாவார். அவருடைய பலம் ஒரு பழைய கதைதான். 1536ஆம் ஆண்டு சிங் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். தகப்பனைக் கொன்றுவிடுகிறார்கள். உயிர் தப்பிய மகன் கரையொதுங்குகிறான். காட்டுவாசிகளான பண்டார் மக்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். தகப்பனைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் அநீதியையும் எதிர்ப்பேன், என் பிள்ளைகளும் எதிர்ப்பார்கள் என்று அவன் சத்தியம் செய்கிறான். அவன் இறந்ததும் மகன் அதே முகமூடியை அணிகிறான். பிறகு பேரன். வெளியில் இருப்பவர்களுக்கு அது ஒரே ஆள், நானூறு ஆண்டுகளாகச் சாகாத ஆள். நாங்கள் வாசித்த கதைகளின் நாயகர் அந்த வரிசையில் 21ஆவது மனிதர். மண்டையோட்டுக் குகைக்குள் ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்து நிகழ்வுகளை எழுதிவைத்த தடித்த ஏடுகள் அடுக்கியிருக்கும். சிறுவயதில் துப்பாக்கிச் சண்டையை விட அந்த ஏடுகள் இருக்கும் பக்கத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

தமிழில் பெயர்க் குழப்பம் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் நாயகர் இரும்புக்கை மாயாவி. அவர் பிரித்தானியச் சித்திரக்கதை வீரர், மின்சாரம் பாய்ந்தால் கைமட்டும் தெரிய உடல் மறைந்துவிடும். ஃபான்டம் அதே முத்து காமிக்ஸில் வேதாளனாக வந்தார். 1984 யூலையில் தொடங்கிய ராணி காமிக்ஸ் பிற்காலத்தில் அவரையே முகமூடி வீரர் மாயாவி ஆக்கியது. ஆகவே வென்வேர்த்வில் அண்ணை சொன்னது சரி. ரூங்காபி அம்மா கேட்டதும் சரி. எங்கள் வீட்டில் எனக்கு அவர் வேதாளன், என் தம்பிக்கு அவர் மாயாவி.

அவுஸ்திரேலியாவின் தத்துப்பிள்ளை

இங்கு வந்த புதிதில் எனக்கு ஒரு வியப்பு. வேலைத்தலத்தில் ஒரு வெள்ளைக்காரத் தச்சர், பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு புகையிரத ஊழியர், இப்படிப் பலர் வேதாளனை அறிந்திருந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த அவரை அமெரிக்கர்களை விட அவுஸ்திரேலியர்களே அதிகம் கொண்டாடுகிறார்கள்.

இந்த நாட்டில் அவர் கால்வைத்தது 1936 செப்ரெம்பரில், பெண்களுக்கான ஒரு வார இதழில். 1948இல் சிட்னியில் ஃபுரூ பதிப்பகம் அவருக்கென்றே தனிப் புத்தகம் தொடங்கியது. ஃபுரூ என்பது தொடங்கிய நான்கு பேரின் குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள்: ஃபோர்சைத், ரிச்சர்ட்சன், ஐசன், வொட்சன். முதல் இதழ் 1948 செப்ரெம்பரில் வந்தது. 75 ஆண்டுகளைக் கடந்தும் அந்த வெளியீடு தொடர்கிறது. உலகில் வேறெங்கும் அவருடைய புத்தகம் இவ்வளவு காலம் இடைவிடாமல் வந்ததில்லை.

இங்கிருந்து பப்புவா நியூகினிக்குப் போனார். அங்கு ரொக் பிசின் மொழியில் வந்த 'வன்ரொக்' பத்திரிகையில் அவரது கதைகள் வெளியாகின. மலைநாட்டு வாகி பள்ளத்தாக்கில் 1980களில் குலச்சண்டைகள் மீண்டும் மூண்டபோது, போர்க் கேடயங்களில் ஃபான்டத்தின் உருவத்தை வரைந்து கொண்டுபோனார்கள். சாகாத மனிதன் கேடயத்தில் இருந்தால் அம்பு தைக்காது என்ற எண்ணம். தங்களுக்குத் தேவையானதை அந்தக் கதையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

சிட்னியில் ஈஸ்டர் கண்காட்சிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனவர்களுக்கு ஃபான்டம் ஷோ பாக் தெரிந்திருக்கும். பல பத்தாண்டுகளாக விற்கப்பட்டு வரும் பை அது. புத்தகங்களோடு ஒரு மண்டையோட்டு மோதிரமும் இருக்கும். 1998இல் கண்காட்சி மூர் பார்க்கிலிருந்து ஒலிம்பிக் பார்க்குக்கு மாறியது. வெஸ்ட்மீட்டில் ரயில் ஏறி லிட்கமில் மாறினால் வந்துவிடும் என்பதால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வசதியாயிற்று. என் லாச்சியில் அகப்பட்ட மோதிரம் அப்படி ஒரு வருடத்தில் வாங்கியதுதான். மகன் இனிப்புப் பை கேட்டு அழ, நான் இந்தப் பையை வாங்கிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், வாங்கியது எனக்காக.

திரைக்கு வந்த பாதை

படப்பெட்டியின் பக்கம் வேதாளனுக்கு ராசி குறைவு. 1943இல் கொலம்பியா நிறுவனம் 15 பகுதிகள் கொண்ட வாராந்தத் திரைத்தொடராக எடுத்தது. ரொம் ரைலர் நடித்தார். செலவைச் சுருக்கி எடுத்த படம், ஆனாலும் ஓடியது. 1955இல் அதற்குத் தொடர்ச்சி எடுக்கத் தொடங்கினார்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதுதான் உரிமம் தங்களிடம் இல்லை என்பது தெரிந்தது. எடுத்ததை வீசவும் மனமில்லை. நாயகனின் உடுப்பை மாற்றி, பெயரைக் 'கப்டன் ஆபிரிக்கா' ஆக்கி, பழைய படத்தின் காட்சிகளையும் இடையில் ஒட்டி வெளியிட்டார்கள். ஒப்பந்தப் பத்திரத்தை வாசிக்காமல் வேலை தொடங்கக்கூடாது என்று என்னிடம் வருபவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

1961இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஒரு முன்னோட்டப் பகுதி எடுத்தார்கள். எந்த நிலையமும் வாங்கவில்லை. 1996இல் பெரிய படம் வந்தது. இயக்கியவர் சைமன் வின்சர், சிட்னியில் பிறந்தவர். பில்லி சேன் நாயகன். குயின்ஸ்லாந்திலும் தாய்லாந்திலும் படப்பிடிப்பு. செலவு சுமார் 45 மில்லியன் டொலர், அமெரிக்காவில் வசூல் சுமார் 17 மில்லியன். கணக்கில் நட்டம், ஆனால் பார்க்க இனிமையான படம். ஊதா உடுப்பு, குதிரை, ஓநாய், குகை, சத்தியம் எல்லாம் இருந்தன. 1997இல் தூர்தர்ஷனில் 'பேதாள் பச்சீசி' என்றொரு ஹிந்தித் தொடர் வேதாளனின் சாயலில் வந்தது.

அதன்பிறகு வந்ததுதான் நான் சொல்லப்போகும் தொடர். அமெரிக்காவின் சைஃபை அலைவரிசை 2010 யூனில் ஒளிபரப்பிய 'த ஃபான்டம்'. இரண்டு பகுதிகள். கனடாவின் மொன்றியலில் எடுத்தது. இயக்கியவர் பாவோலோ பார்ஸ்மன். நாயகன் றயன் கார்ன்ஸ். வில்லியாக இசபெல்லா ரொசெலினி நடித்தார், அவர் பெயர்பெற்ற நடிகை.

ஒரு மழை நாளின் ஏமாற்றம்

2011ஆம் ஆண்டு குளிர்காலப் பாடசாலை விடுமுறையில் அதன் டிவிடி கையில் கிடைத்தது. மகனுக்கு அப்போது 12 வயது. வெளியே மழை. கடலை வறுத்து வைத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம். நான் இரண்டு நாளாக அவனுக்குக் கதை சொல்லித் தயார்ப்படுத்தியிருந்தேன்.

தொடக்கம் நன்றாக இருந்தது. தாயை இழந்த ஒரு சிறுவன். வேறு குடும்பம் அவனைத் தத்தெடுக்கிறது. கிற் வோக்கர் என்ற அவன் பெயர் போய், கிறிஸ் மூர் என்ற புதுப்பெயர் வருகிறது. வளர்ந்து சட்டம் படிக்கிறான். ஒருநாள் அறிமுகமில்லாத ஆட்கள் வந்து, நீ இன்னாருடைய மகன், இருபத்தொரு தலைமுறையாக ஒரு கடமை உன் வீட்டில் இருக்கிறது, இப்போது உன் முறை என்கிறார்கள்.

நேயர்களே, அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இடம் பெயர்ந்து, பெயர் சுருங்கி, வேறு மண்ணில் வளர்ந்த பிள்ளை. அவனுக்குத் தெரியாத ஒரு வரலாறு அவனைத் தேடி வருகிறது. ஹொலிவூட்காரர்கள் தெரியாமலே நம் வீட்டுக் கதையைக் கையில் எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

எடுத்ததை அவர்கள் கீழே வைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி அந்தப் பையனுக்கு என்ன செய்தது என்று காட்ட அவர்களுக்கு நேரம் இல்லை. உடனே பயிற்சி, ஓட்டம், கூரைக்குக் கூரை பாய்தல், ஆய்வுகூடம், மனிதரின் மனத்தை அடிமைப்படுத்தும் ஒரு சதித்திட்டம். ஊதா உடுப்புக்குப் பதிலாகப் புதிதாக வடிவமைத்த கவச உடுப்பு. அது மோட்டார்சைக்கிள் ஓடுபவர்கள் போடுவதைப் போல இருந்தது. காலங்காலமாகத் துணை நின்ற பண்டார் தலைவன் குரான், இதில் ஒரு பெண். சன்ரீன் ஹோல்ற் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். அந்த மாற்றத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் முகமூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் இது எந்த வீரனின் கதையாகவும் இருக்கலாம்.

என் மனைவி தேநீரோடு வந்து ஐந்து நிமிடம் பார்த்தார். "உதுக்கே ரெண்டு நாளா அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு விளக்கம் குடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தத் தொடர் மேலும் நீளவில்லை. இரண்டு பகுதிகளோடு நின்றுவிட்டது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய கதையை அப்படியே எடுக்கவும் முடியாது. காட்டுக்குள் ஒரு வெள்ளைக்காரர் சிம்மாசனத்தில் இருந்து கறுத்த மக்களுக்கு நீதி சொல்வதுதான் மூலக்கதை. கொள்ளையர்களுக்கு சிங் என்று பெயர். இந்தியாவில் 1964இல் இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோதே இது உறுத்தியிருக்கிறது. அதில் சிங் கொள்ளையரைச் சிங்கா என்றும், பெங்காலா நாட்டை டெங்காலி என்றும் மாற்றினார்கள். சுன்னாகத்தில் திண்ணையில் படுத்துக்கொண்டு வாசித்தபோது, கதையில் நாங்கள் அந்த நாயகனா, அவருக்குப் பின்னால் ஈட்டியோடு நிற்பவர்களா என்று நான் யோசிக்கவில்லை. இப்போது யோசிக்கிறேன். ஆகவே 2010இல் எடுத்தவர்கள் பழைய காட்டையும் சிம்மாசனத்தையும் விட்டதில் நியாயம் உண்டு. விடவேண்டியதை விட்டவர்கள், வைத்திருக்க வேண்டியதையும் சேர்த்து விட்டதுதான் என் குறை.

காசு இல்லாததா காரணம்?

'பட்ஜெட் இல்லை, அதுதான் படம் சரிவரவில்லை' என்று எளிதாகச் சொல்லிவிடலாம். முப்பது வருடமாக மற்றவர்களின் ஐந்தொகைகளைப் பார்த்துப் பிழைப்பவன் நான். காசு இல்லாமல் முறிந்த வியாபாரங்களையும் கண்டிருக்கிறேன், எதை வெட்டுவது என்று தெரியாமல் முறிந்த வியாபாரங்களையும் கண்டிருக்கிறேன். இரண்டாவது வகைதான் அதிகம். இதற்குச் சான்றாக ஒரே நிலையத்தில், ஒரே காலத்தில் வந்த இரண்டு தொடர்களைச் சொல்கிறேன்.

1977 செப்ரெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவின் சீபீஎஸ் நிலையம் ஸ்பைடர்மானை முதன்முதலில் நடிகரை வைத்து எடுத்த தொலைக்காட்சிப் படமாக ஒளிபரப்பியது. பிறகு அது தொடராகி 1979 வரை வந்தது. இரண்டு வருடத்தில் பதினைந்துக்கும் குறைவான அத்தியாயங்கள். சுவரில் ஏறும் காட்சிகளில் சாகசக்காரர் கம்பியில் தொங்குவது தெரியும். வலை என்று எறிந்தது கயிறு போல இருக்கும். புத்தகத்தில் வந்த பெரிய வில்லன்கள் ஒருவரும் வரவில்லை, அவர்களைக் காட்டச் செலவாகும். இவற்றை மன்னிக்கலாம். ஆனால் இன்னொன்றையும் வெட்டினார்கள். புத்தகத்தில் பீற்றர் தன் அலட்சியத்தால் ஒரு திருடனைத் தப்பவிடுகிறான். அந்தத் திருடன் பீற்றரை வளர்த்த பென் பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். அந்தக் குற்ற உணர்ச்சிதான் அவனை வீரனாக்குகிறது. தொலைக்காட்சியில் பெரியப்பாவே இல்லை. ஒரு வயதான நடிகரும் ஒரு வாசற்படியும் இருந்தால் எடுத்திருக்கக்கூடிய காட்சி அது. ஸ்பைடர்மானை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்ரான் லீக்கும் அந்தத் தொடர் பிடிக்கவில்லை. மிகவும் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்பது அவர் குறை.

அதில் ஸ்பைடர்மானாக நடித்த நிக்கலஸ் ஹமண்டை நீங்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பீர்கள். 1965இல் வந்த 'சவுண்ட் ஒஃப் மியூசிக்' படத்தில் மூத்த பையனாக வந்தவர். 1980களில் அவுஸ்திரேலியாவுக்கு வந்து இங்கேயே தங்கி நாடகமும் நடிப்புமாக வாழ்ந்து வருகிறார். அந்தத் தொடரில் குறை அவர் நடிப்பில் இல்லை.

அதே 1977இல், அதே சீபீஎஸ், 'த இன்கிரெடிபிள் ஹல்க்' தொடரைத் தொடங்கியது. அங்கும் காசு குறைவு. உடற்பயிற்சி வீரர் லூ ஃபெரிக்னோவுக்குப் பச்சை மை பூசி ஓடவிட்டார்கள். புத்தகத்து வில்லன்கள் அங்கும் இல்லை. நாயகனின் பெயரைக்கூட புரூஸ் என்பதிலிருந்து டேவிட் என்று மாற்றினார்கள். ஆனால் தயாரிப்பாளர் கெனத் ஜோன்சன் ஒன்றை விடவில்லை: அந்த மனிதனின் தனிமை. இறந்துவிட்டதாக உலகம் நம்பும் ஒருவன். ஒவ்வொரு வாரமும் புது ஊர், புதுப் பெயர், கிடைத்த கூலி வேலை. அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் புறப்பட வேண்டும். அத்தியாயம் முடியும்போது பில் பிக்ஸ்பி தோளில் பையோடு தெருவோரமாக நடந்துபோவார், பின்னால் பியானோ மெதுவாக ஒலிக்கும். ஒரு நடிகர், ஒரு பை, ஒரு தெரு. அந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? அந்தத் தொடர் 1982 வரை ஓடியது. கண்டவர்கள் இன்றும் மறக்கவில்லை.

கணக்கியலில் நன்மதிப்பு என்றொரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் வியாபாரத்தை வாங்குபவன் அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறான். ஒரு சித்திரக்கதையின் உரிமத்தை வாங்குபவனும் அதைத்தான் வாங்குகிறான். ஃபான்டத்தின் நன்மதிப்பு, தகப்பன் மகனிடம் ஒப்படைக்கும் அந்தச் சத்தியம். ஸ்பைடர்மானின் நன்மதிப்பு பெரியப்பாவின் சாவு. விலை கொடுத்து வாங்கிவிட்டு, செலவே இல்லாத அந்த ஒன்றைப் பயன்படுத்தாமல் விட்டார்கள். காசை எல்லாம், போதாது என்று தெரிந்தும், சண்டையில் போட்டார்கள்.

இதை நம்மவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். இலங்கை வானொலியில் சானாவின் 'லண்டன் கந்தையா', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஓர் அறை, சில குரல்கள், மேசையில் தட்டும் சத்தம். அதில் ஊரே கண்முன் வந்தது. 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலி கேட்டார்கள். அதைவிடக் குறைந்த பட்ஜெட் எந்த நிலையத்துக்கும் இருந்திருக்காது.

மகன் கேட்ட கேள்வி

அந்த மழை நாளுக்குத் திரும்புகிறேன். படம் முடிந்தது. நான் சலித்துக்கொண்டு டிவிடியை வெளியில் எடுத்தேன். மகன் சலிக்கவில்லை. அவன் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, அந்தப் பெடியனுக்கு ஏன் ஒருத்தரும் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டான்.

"சொன்னால் ஆபத்து எண்டு நினைச்சிருப்பினம். இல்லாட்டி, வளரட்டும், பிறகு சொல்லுவம் எண்டு விட்டிருப்பினம்."

"நீங்களும் அப்பிடித்தானே?"

எனக்குப் பதில் வரவில்லை. நான் 1996இல் இங்கு வந்தேன். அவன் இங்கு பிறந்தவன். கண்காட்சிக்குக் கூட்டிப்போனேன், தமிழ்ப் பாடசாலைக்குக் கூட்டிப்போனேன், வைகாசிக்குன்றில் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வேதாளனின் இருபத்தொரு தலைமுறையைச் சொல்லிக்கொடுத்தேன். என் தகப்பனைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, சுவரில் மாலை போட்ட ஒரு படம் மட்டும்.

அன்றிரவு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து அவனிடம் காட்டினேன். என் தகப்பனார் சுன்னாகத்தில் சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே எழுந்து நடந்த அன்று, வீட்டைப் பூட்டுவதற்கு முன் கடைக்கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் விட்டுச்செல்லும் பொருட்களை எழுதியிருக்கிறார். அரிசி மூட்டை 2. தையல் மெசின் 1. சைக்கிள் 1, பின்சில்லு காற்று இல்லை. சாமிப் படம் 6. மூத்தவனின் படக்கதைப் பெட்டி 1. அந்தக் கொப்பியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார். 1996இல் திரும்பி வந்தபோது அதே தாளில் சிவப்புப் பேனையால் இருப்பெடுத்திருக்கிறார். தையல் மெசினுக்குச் சரி அடையாளம். சாமிப் படத்துக்குப் பக்கத்தில் 2 என்ற இலக்கம். மற்றவற்றுக்கு எதுவும் இல்லை. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் நான் போனபோது அந்தக் கொப்பியை என் கையில் தந்தார். அடுத்த வருடம் அவர் காலமானார். ஒன்பது வருடமாக அதை நான் மேல்தட்டில் வைத்திருந்தேன்.

மகனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். ஒவ்வொன்றாக வாசித்தான். படக்கதைப் பெட்டி என்ற இடத்தில் நிறுத்தி, "இது உங்கடை ஃபான்டமோ?" என்றான். ஓம் என்றேன். அதில் என்ன கதைகள் இருந்தன, எவனிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவை எத்தனை, கடையில் சீனிப் பை சுற்றக் கிழித்த பழைய இதழ்களுக்காக நான் அப்பாவோடு சண்டை பிடித்தது, எல்லாம் கேட்டான். அன்று படுக்கப் பன்னிரண்டு மணியாயிற்று. அந்த மலிவுத் தொடர் நன்றாக இருந்திருந்தால் நாங்கள் அதன் சண்டைக் காட்சிகளைப் பேசிவிட்டுப் படுத்திருப்போம் என்று இப்போது எனக்குப் படுகிறது.

அவனுக்கு இப்போது இருபது வயதின் நடுப்பகுதி. சென்ற மாதம் வானொலியில் நான் பேசியதைக் கேட்டுவிட்டுத் தொலைபேசியில் அழைத்தான். "அப்பா, மோதிரம் கிடைச்சால் எனக்கு எடுத்து வையுங்கோ. கொப்பியும்தான்" என்றான். மோதிரத்தை எடுத்து வைத்திருக்கிறேன். கொப்பியைக் கொடுப்பதற்கு முன், அதில் மிஞ்சிய வெற்றுத் தாள்களில் நான் எழுத வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. கொழும்பில் எந்த லொட்ஜில் இருந்தேன், இங்கு வந்திறங்கியபோது கையில் எவ்வளவு காசு இருந்தது, முதல் வேலை எங்கே என்பவற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கொப்பி, ஒரு கடிதக்கட்டு, ஒரு இடப்பெயர்வுப் பதிவு அட்டை இருக்கக்கூடும். பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த மாதப் பேச்சு நேரத்தில் பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் வைத்திருப்பவர்களை அழைத்துப் பேச எண்ணியிருக்கிறோம். புத்தகம் இருப்பவர்கள் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். புத்தகம் போய், கதைமட்டும் நினைவிருப்பவர்களும் வரலாம்.

யூன் மாதத்தில் வழக்கம்போல் வரி பற்றிப் பேச வருவேன். அப்போதும் ஏழு பேராவது அழையுங்கள்.